டோக்கியோவிலிருந்து மங்கா, அனிமே பொருள்களை வெளிநாட்டுக்கு விற்க: முதல் பொம்மையை வாங்கும் முன் செய்ய வேண்டியவை

என் வீட்டு அலமாரியில் பதினொரு அனிமே உருவப் பொம்மைகள் நிற்கின்றன. விற்பதற்காக வாங்கியவை. இன்றுவரை விற்கவில்லை, இனியும் விற்க முடியாது. ஒரு சனிக்கிழமை டோக்கியோவின் நகானோ பிராட்வே கடைத்தொகுதியில் மலிவாகக் கிடைக்கிறதே என்று இரண்டு பை நிறைய வாங்கி வந்துவிட்டு, அதன் பிறகுதான் பழைய பொருளை விற்பதற்காக வாங்க உரிமம் வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். காவல் நிலையத்தில் இருந்த அதிகாரி சிரிக்காமல் சொன்னார்: "அவற்றை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்."

ஜப்பானில் வசித்துக்கொண்டு மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை நூல்), அனிமே (ஜப்பானிய அசைவூட்டப் படம்) பொருள்களை வாங்கி, பிற நாடுகளில் இருக்கும் ரசிகர்களுக்குச் சிறிய அளவில் விற்க நினைக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். நிறுவனங்களிடம் உரிமை பெற்றுப் புதிதாகப் பொருள் தயாரிப்பது வேறு தொழில்; அது இங்கே இல்லை. கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். நான் மாற்றியதன் பலன்தான் அந்த அலமாரி.

1. குடியிருப்பு அட்டையை எடுத்துப் பாருங்கள்

எல்லாவற்றுக்கும் முன்னால் இது. நிரந்தர வசிப்பு, நீண்டகால வசிப்பு, ஜப்பானியரின் அல்லது நிரந்தரவாசியின் துணைவர் ஆகிய நிலைகளில் இருப்பவர்களுக்குத் தொழில் செய்யத் தடை இல்லை. நேராக இரண்டாம் படிக்குப் போகலாம்.

மென்பொருள் வேலைக்கு வந்தவர்களின் பொறியாளர் விசாவில் சொந்த வணிகம் அடங்காது. "வார இறுதியில்தானே செய்கிறேன்" என்பது பதிலே அல்ல. குடும்பச் சார்பு விசாவில் இருப்பவர்களும் மாணவர்களும் வாரம் 28 மணி நேர அனுமதியை நம்புகிறார்கள். அந்தப் பொது அனுமதி, வேலை நேரத்தைக் கணக்கிட்டுக் காட்டக்கூடிய கூலி வேலைக்கானது. சொந்த வியாபாரத்தில் உங்கள் மணிக்கணக்கை யார் எழுதிக் கொடுப்பார்கள்? ஆகவே குடிவரவு அலுவலகத்தில் தனி அனுமதி கேட்க வேண்டும். கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு சரக்கு வாங்கிவிடாதீர்கள்.

தொழில் மேலாண்மை விசாவுக்கு மாறிக்கொள்ளலாம் என்று பழைய அறிவுரைகள் சொல்லும். அவற்றில் இருக்கும் 50 லட்சம் யென் மூலதனக் கணக்கு காலாவதியாகிவிட்டது. 2025 அக்டோபர் 16 முதல் மூலதனம் 3 கோடி யென். முழுநேர ஊழியர் ஒருவரும் வேண்டும். பொம்மை விற்று அந்த விசாவை எட்டுவது நடக்கிற காரியம் அல்ல.

2. வாடகை ஒப்பந்தத்தைத் தேடி எடுங்கள்

உரிமத்துக்கு ஒரு வணிக முகவரி வேண்டும். வீடே போதும். ஆனால் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்களில் "குடியிருப்புக்கு மட்டும்" என்று ஒரு வரி இருக்கும். வீட்டு உரிமையாளரிடமோ நிர்வாக நிறுவனத்திடமோ சம்மதக் கடிதம் கேட்டு வாங்க வேண்டும். "கடை வைக்கவில்லை, வாடிக்கையாளர் யாரும் வீட்டுக்கு வர மாட்டார்கள், பெயர்ப் பலகை தெருவில் தொங்காது" என்று மூன்றையும் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். எனக்குக் கடிதம் கிடைக்க மூன்று வாரம் ஆயிற்று. முதல் தடவை வாய்மொழியாகக் கேட்டபோது உடனே மறுத்துவிட்டார்கள்.

மாதம் சில ஆயிரம் யென்னுக்குக் கிடைக்கும் மெய்நிகர் அலுவலக முகவரியை எடுத்துச் சிக்கலைத் தவிர்க்கலாம் என்று தோன்றும். காவல் துறை அதை ஏற்காது.

3. காவல் நிலையத்தில் உரிமம்

பெயர் கொபுட்சுஷோ கியோக்கா. பழைய பொருள் வணிக உரிமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழங்குவது மாநகர அல்லது மாவட்டப் பொதுப் பாதுகாப்பு ஆணையம். விண்ணப்பத்தை வாங்குவது உங்கள் முகவரிக்குரிய காவல் நிலையத்தின் செய்க்காட்சு அன்சென்கா என்ற பிரிவு.

"நான் திறக்காத புதிய பெட்டியைத்தானே விற்கிறேன், அது எப்படிப் பழைய பொருள்?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஒரு நுகர்வோர் கைக்கு ஒருமுறை போய்விட்ட பொருள், உறை பிரிக்காவிட்டாலும் சட்டத்தின் கண்ணில் பழைய பொருள்தான். இன்னொரு தவறான நம்பிக்கை, வெளிநாட்டில் விற்பதால் ஜப்பானிய உரிமம் தேவையில்லை என்பது. விற்பனை எங்கே நடந்தாலும் கொள்முதல் ஜப்பானில் நடக்கிறது. திருட்டுப் பொருள் சந்தைக்கு வருவதைத் தடுக்கும் சட்டம் இது. ஆகவே நீங்கள் யாரிடம் வாங்குகிறீர்கள் என்பதுதான் அதற்கு முக்கியம். உரிமம் இல்லாமல் செய்தால் 3 ஆண்டு வரை சிறை அல்லது 10 லட்சம் யென் வரை அபராதம். வெளிநாட்டவருக்கு அதற்குமேல் விசாவும் போகலாம்.

கொண்டுபோக வேண்டியவை:

- விண்ணப்பப் படிவம். பொருள் வகை 13 இருக்கின்றன. பொம்மைகளும் விளையாட்டுகளும் "கருவிகள்" என்ற வகையில் வரும். மங்கா "புத்தகங்கள்" வகையில் வரும். இரண்டையும் குறியுங்கள். அனிமே சட்டை விற்பதானால் "உடைகள்" வகையும் வேண்டும்.
- ஜூமின்ஹ்யோ என்ற வசிப்பிடச் சான்று. நாட்டுரிமையும் விசா நிலையும் அச்சாகியிருக்க வேண்டும். மை நம்பர் என்ற தனிநபர் அடையாள எண் அச்சாகியிருக்கக் கூடாது. வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்.
- கடந்த ஐந்து ஆண்டு வாழ்க்கைக் குறிப்பு. ஒரு மாதம்கூட விடுபடக் கூடாது. வேலை இல்லாமல் ஊரில் இருந்த மாதங்களையும் அப்படியே எழுதுங்கள்.
- தகுதியின்மை ஏதும் இல்லை என்ற உறுதிமொழி. விண்ணப்பதாரருக்கு ஒன்று, பொறுப்பாளருக்கு ஒன்று. தனி ஆளாகச் செய்தால் இரண்டும் நீங்களே. ஆனாலும் இரண்டு தாள்.
- வாடகை ஒப்பந்த நகலும் சம்மதக் கடிதமும். எல்லா நிலையங்களிலும் கேட்பதில்லை, ஆனால் கேட்டால் கையில் இருக்க வேண்டும்.
- சொந்த இணையக் கடை இருந்தால், அந்த முகவரி உங்களுடையதுதான் என்பதற்கான சான்று.

கட்டணம் 19,000 யென். நிராகரித்தால் திரும்பி வராது. நீங்களே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றாலும் வராது. அதனால் முதலில் தொலைபேசியில் நேரம் வாங்கிக்கொண்டு, பணம் கட்டாமல் தாள்களை மட்டும் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பிரிவில் உரிமம் பார்ப்பவர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். சொல்லாமல் போனால் வெளிவேலைக்குப் போயிருப்பார். நான் மூன்று தடவை போனேன். ஒன்று சம்மதக் கடிதத்துக்காக, ஒன்று வாழ்க்கைக் குறிப்பில் இரண்டு மாத இடைவெளிக்காக. மூன்றாவது தடவை வாங்கிக்கொண்டார்கள்.

முடிவு வர ஏறத்தாழ 40 நாள். சனி, ஞாயிறு, விடுமுறை கணக்கில் சேராது. ஆகவே இரண்டு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் கடைசியில் கொடுத்தால் பொன் வாரம் என்ற தொடர் விடுமுறை விழுங்கிவிடும். டிசம்பரில் கொடுத்தால் புத்தாண்டு.

கிடைத்த பிறகு 8 சென்டிமீட்டர் உயரம், 16 சென்டிமீட்டர் அகலத்தில் உரிம எண் பலகை செய்து மாட்ட வேண்டும். இணையத்தில் இரண்டு மூன்று ஆயிரம் யென்னுக்குச் செய்து தருவார்கள். வீடு மாறினால், மாறுவதற்கு மூன்று நாள் முன்பே தெரிவிக்க வேண்டும். மாறிய பிறகு நிதானமாகப் போகலாம் என்று இருக்காதீர்கள்.

4. காத்திருக்கும் இரண்டு மாதம்

உங்கள் சொந்த உபயோகத்துக்கு வாங்கி, படித்து முடித்த மங்காவையும் சலித்துப்போன பொம்மையையும் விற்க உரிமம் தேவையில்லை. இந்த இரண்டு மாதத்தில் அவற்றை விற்று, விற்பனைக் கணக்கில் நல்ல மதிப்பீடு சேருங்கள். இபே போன்ற சந்தைகளில் புதிய கணக்குக்கு மாத விற்பனை வரம்பு உண்டு. அது மெல்ல மெல்லத்தான் ஏறும். பொதி கட்டும் பழக்கமும் வரும். இந்தச் சாக்கில் விற்பதற்கென்று ஒரு பொருளைக்கூட வாங்கிவிடாதீர்கள்.

இந்தக் காலத்தில் வங்கி வேலையையும் முடியுங்கள். தமிழர்களுக்கென்றே காத்திருக்கும் வில்லங்கம் இதில் இருக்கிறது: நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கடவுச்சீட்டில் சிலருக்குக் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. சிலருக்கு அங்கே அப்பா பெயர். குடியிருப்பு அட்டையில் ரோமன் எழுத்து, வங்கியில் கத்தகானா என்ற ஜப்பானிய எழுத்து, விற்பனைத் தளத்தில் இன்னொரு வரிசை. என் வங்கிக் கணக்கில் அப்பா பெயர் முன்னால் இருந்தது, தளத்தில் பின்னால் இருந்தது. முதல் விற்பனைப் பணம் ஐந்து வாரம் அந்தரத்தில் நின்றது. குடியிருப்பு அட்டையில் என்ன வரிசையோ அதையே வங்கி, பணப் பரிமாற்றச் சேவை, விற்பனைத் தளம், உரிம விண்ணப்பம் நான்கிலும் ஓர் எழுத்து மாறாமல் வையுங்கள். கத்தகானாவில் உங்கள் பெயரை எப்படி எழுதுவது என்று ஒரே தடவை முடிவு செய்து அதையே எங்கும் எழுதுங்கள். "ழ" எப்படியும் போய்விடும், விட்டுவிடுங்கள்.

தனிநபர் தொழில் தொடக்க அறிவிப்பை வரி அலுவலகத்தில் கொடுப்பதும் இப்போதே. அதற்குக் கட்டணம் இல்லை.

5. வாங்குதல்

டோக்கியோவின் அனிமே கடைப் பகுதியான அகிஹபாரா எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே விலை கூடுதல். நகானோ பிராட்வேயில் மன்தராகே கடைகள், ஒசாகாவில் நிப்பொம்பாஷி, ஊருக்கு ஊர் இருக்கும் புக் ஆஃப் பழைய பொருள் கடைகள், இணையத்தில் சுருகாயா கடை ஆகியவை நான் பார்க்கும் இடங்கள். புதியவர்களுக்கு நான் சொல்வது பரிசுப் பொம்மைகள். விளையாட்டு மையங்களின் கொக்கி இயந்திரத்தில் விழுபவை அவை. கடையில் புதிதாக விற்பதில்லை, பழைய பொருள் கடையில் மலிவாகக் குவிந்திருக்கும். தவறு செய்தாலும் நட்டம் குறைவு.

பெட்டியின் நிலைக்கு இங்கே தனி அகராதியே உண்டு. மிகாய்ஃபூ என்றால் பிரிக்காதது. ஹாக்கோநாஷி என்றால் பெட்டி இல்லை. ஜங்க் என்று எழுதியிருந்தால் எதையும் எதிர்பார்க்காதீர்கள். வெளிநாட்டு வாங்குபவர் பெட்டியின் மூலை நசுங்கியிருந்தால்கூடப் பணத்தைத் திருப்பிக் கேட்பார். வாங்கும்போதே ஆறு பக்கமும் பாருங்கள்.

வாங்கிய அன்றே பதிவேட்டில் எழுதுங்கள்: தேதி, பொருள், அடையாளம், எண்ணிக்கை, விலை, விற்றவர். மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். தனிநபரிடம் வாங்கினால் 10,000 யென்னுக்குக் கீழ் அடையாளச் சரிபார்ப்பு தேவையில்லை என்பதைப் பலரும் அரைகுறையாகப் படித்துவிடுகிறார்கள். புத்தகம், குறுந்தகடு, விளையாட்டு மென்பொருள் ஆகியவற்றுக்கு அந்த விலக்கு இல்லை. மங்காவும் புத்தகம்தான். நண்பரின் நண்பரிடம் 500 யென்னுக்கு ஒரு கட்டு மங்கா வாங்கினாலும் அவர் யார் என்று சரிபார்த்துப் பதிய வேண்டும்.

போலி விஷயத்தில் ஒரு வார்த்தை. பெட்டியில் உரிமைக் குறியும் தயாரிப்புக் குழுவின் பெயரும் இருக்க வேண்டும். டோயே அனிமேஷன் படைப்புகளின் பொருள்களில் மின்னும் சிறிய ஒட்டுச்சீட்டு இருக்கும். அதில் அந்த நிறுவனத்தின் பூனைத் தலை தெரியும். வழக்கத்துக்கு மாறாக மலிவாக, ஒரே பொருள் பத்து இருபது கிடைத்தால் விலகிவிடுங்கள். போலியை வெளிநாட்டுச் சுங்கம் பிடித்தால் "தெரியாது" என்ற பதில் எடுபடாது.

6. சுங்கப் படிவம்: அதிகம் அடிபட்ட இடம்

படிவத்தில் "பிறந்த நாடு" என்று ஒரு கட்டம் இருக்கும். ஜப்பானில் வாங்கினோம், ஜப்பானியக் கதாபாத்திரம், ஜப்பானிய நிறுவனம். எனவே ஜப்பான் என்று எழுதக் கை துடிக்கும். பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். உருவப் பொம்மைகளில் பெரும்பகுதி சீனாவில் தயாரானவை. பாண்டாய் நிறுவனத்தின் "குண்டம்" ரோபோ மாதிரித் தொகுப்புகள் (துண்டுகளைக் கோத்துச் செய்பவை) ஷிசுவோகாவில் தயாராகின்றன, அவை ஜப்பான். குட் ஸ்மைல் நிறுவனத்தின் சில பொம்மைகள் தொத்தோரி மாவட்டத்துத் தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. மற்றதற்கு அடியில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதுதான் பதில். நாட்டைப் பொறுத்து வரி மாறுகிறது. தவறாக எழுதினால் அது பொய் அறிவிப்பு.

அடுத்தது பொருளின் பெயர். "அனிமே பொருள்", "பரிசு", "பொம்மை" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் நிறுத்திவைப்பார்கள். "பிளாஸ்டிக் உருவப் பொம்மை, 1, சேகரிப்புக்கு" என்கிற மாதிரி, எதனால் ஆனது, எத்தனை, எதற்கு என்று மூன்றும் வர வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுங்கள். என் பெட்டி ஒன்று இந்த ஒரு சொல்லுக்காக ஆறு வாரம் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. திரும்பியதற்கும் நானே கட்டினேன்.

வாங்குபவர் "அன்பளிப்பு என்று குறியுங்கள், விலையைக் குறைத்துப் போடுங்கள்" என்று கெஞ்சுவார். முடியாது என்று முதல் செய்தியிலேயே சொல்லிவிடுங்கள். பொருள் உடைந்தால் காப்பீடு, படிவத்தில் எழுதிய விலைக்குத்தான் கிடைக்கும் என்று சொன்னால் பெரும்பாலோர் அமைதியாகிவிடுகிறார்கள்.

7. அனுப்புதல்

பொம்மைப் பெட்டி பெரியது, எடை குறைவு. தனியார் கூரியர்கள் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வரும் எண்ணை எடையாக எடுத்துக்கொள்கிறார்கள். 40, 30, 25 என்ற பெட்டி உண்மையில் ஒன்றரைக் கிலோ இருந்தாலும் 6 கிலோ கட்டணம். ஜப்பான் அஞ்சலின் இஎம்எஸ் என்ற விரைவு அஞ்சல் உண்மை எடையைப் பார்க்கிறது; 30 கிலோ வரை எடுக்கும். சாவி வளையம், பேட்ஜ், அட்டை போன்றவற்றுக்கு 2 கிலோ வரை எடுக்கும் சிறு பொதிச் சேவைகள் போதும். மங்கா தொகுதிகள் கனம். ஒரு நூல் ஏறத்தாழ 200 கிராம், 23 பாகம் என்றால் நாலரைக் கிலோவைத் தாண்டும். விமானத்தில் அனுப்பினால் அஞ்சல் கட்டணம் புத்தக விலையை மிஞ்சும். அவசரமில்லாதவருக்குக் கடல்வழி, ஆனால் இரண்டு மூன்று மாதம் ஆகும் என்று விற்பனைப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

மாதிரித் தொகுப்புக்குத் துணையாக விற்கும் வண்ணப்பூச்சு, தெளிப்பான் ஆகியவை அஞ்சலில் போகாது, தீப்பிடிக்கும் பொருள். பேட்டரியோடு வரும் விளக்குப் பொம்மைகளையும் அனுப்பும் முன் விசாரியுங்கள்.

8. எந்த நாட்டுக்கு?

சிங்கப்பூரில் தொடங்குங்கள் என்பேன். பொருள் சேவை வரி 9 சதவீதம். சந்தைத் தளம் வழியாக விற்றால் 400 சிங்கப்பூர் வெள்ளி வரையிலான பொருளுக்குத் தளமே வசூலித்துக் கட்டிவிடுகிறது. ஆஸ்திரேலியாவிலும் 1,000 ஆஸ்திரேலிய டாலர் வரை இதே ஏற்பாடுதான், வரி 10 சதவீதம்.

அமெரிக்கா முன்பு எளிதாக இருந்தது. 800 டாலர் வரை வரியின்றி நுழைந்த காலம் 2025 ஆகஸ்ட் 29-உடன் முடிந்தது. இப்போது அனுப்பும் ஒவ்வொரு தடவையும் அன்றைய விதியைப் பார்க்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தைப் புதியவர்கள் தள்ளிப்போடுங்கள். 2021 ஜூலையிலிருந்து முதல் யூரோவுக்கே மதிப்புக் கூட்டு வரி. 2024 டிசம்பர் 13 முதல் பொதுப் பொருள் பாதுகாப்பு விதியின்படி ஒன்றியத்துக்குள் ஒரு பொறுப்பாளரைக் காட்ட வேண்டும். பழைய பொருளுக்கும் இது உண்டு. போதாததற்கு, ஐரோப்பாவுக்கு வெளியே முதலில் விற்ற பொருள் அசலாகவே இருந்தாலும், வணிகத்துக்காக உள்ளே வந்தால் வணிகச் சின்னத்தின் உரிமையாளர் தடுக்கலாம்.

"சென்னைக்கு அனுப்பலாமா?" இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். மங்கா போகும். உருவப் பொம்மையைச் சுங்கம் விளையாட்டுப் பொம்மை என்று வகைப்படுத்தினால், 2021 முதல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் சான்று கேட்கும். அடிப்படைச் சுங்க வரியும் 2023-இல் 70 சதவீதமாக ஏறியது. அன்பளிப்பு என்ற பழைய வழி 2019 டிசம்பரிலேயே அடைபட்டது. சகோதரி மகனுக்கு ஒன்று வேண்டுமென்றால் விடுமுறைக்குப் போகும்போது பெட்டியில் எடுத்துப் போங்கள்.

எந்த நாடானாலும் வயது வந்தோருக்கான மங்காவைத் தொடாதீர்கள். இங்கே கடையில் வெளிப்படையாக விற்கும் சில நூல்கள் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் குற்றப் பொருள்களாகும். வாங்குபவரின் வீட்டுக்குக் காவல் துறை போகும்.

9. நுகர்வு வரியைத் திரும்பப் பெறுதல்

ஏற்றுமதிக்கு நுகர்வு வரி இல்லை. ஆகவே வாங்கும்போது கட்டிய 10 சதவீதத்தைத் திரும்பக் கேட்கலாம். 2,800 யென் பொம்மையில் 254 யென். லாபமே சில நூறு யென்னாக இருக்கும் தொழிலில் இது சிறு தொகை அல்ல.

ஆனால் விற்பனை ஆண்டுக்கு 1 கோடி யென்னுக்குக் கீழ் இருப்பவர் இயல்பாகவே வரி விலக்கில் இருப்பார். விலக்கில் இருப்பவருக்குத் திருப்பித் தரமாட்டார்கள். வரி செலுத்துபவராக இருக்கத் தேர்வு செய்வதாக விண்ணப்பிக்க வேண்டும்; செய்தால் இரண்டு ஆண்டு பின்வாங்க முடியாது. உள்நாட்டிலும் நிறைய விற்பவர்களுக்கு இது கையைக் கடிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பதிவு எண் உள்ள விலைச்சீட்டைக் கேட்கும் இன்வாய்ஸ் முறை 2023 அக்டோபரில் வந்த பிறகு, பதிவு எண் இல்லாத தனிநபரிடம் வாங்கியதற்கு வரிக் கழிவு குறைந்துவிட்டது. காவல் நிலையத்தில் மூன்று தடவை அலைந்து வாங்கிய உரிமம் இங்கே கைகொடுக்கிறது: உரிமம் பெற்ற பழைய பொருள் வணிகருக்கு, விற்பனைச் சரக்காக வாங்கியதற்குப் பதிவேடு ஒழுங்காக இருந்தால் கழிவு உண்டு.

ஏற்றுமதி செய்ததற்குச் சான்று வேண்டும். ஒரு பொதி 2 லட்சம் யென்னைத் தாண்டினால் சுங்க ஏற்றுமதி அனுமதி. அதற்குக் கீழ் அஞ்சலில் போனால், அஞ்சலகம் பெற்றுக்கொண்டதற்கான சீட்டும், பொருள், எண்ணிக்கை, விலை, பெறுபவர் விவரம் உள்ள அனுப்பீட்டுத் தாளின் நகலும். உங்கள் குறிப்பேட்டில் எழுதி வைத்தால் போதும் என்ற காலம் 2021 அக்டோபரோடு போயிற்று. ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். வெப்ப அச்சில் வரும் அஞ்சல் சீட்டு ஒரே கோடையில் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே நகல் எடுத்துவிடுங்கள்.